குறுக்கே கிடந்த ஐந்தாவது கோடு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என்னோடு ஜோடி ஆபரேட்டராக இருந்த முத்துலட்சுமி, எங்கள் சூப்பர்வைசர் ஞானராஜ் சார், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த எலெக்ட்ரீசியன் கோமதிநாயகம். மொத்தம் நான்கு பேர். முதலாளி அண்ணாச்சி சிவகாசிக்குப் போயிருந்தார். வேறு யாரும் உள்ளே வரவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது சட்டம். நான் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற ஆள் இல்லை. வாசலில் கிடந்த செருப்புகளை அன்று மூன்று தடவை எண்ணினேன். ஐந்து ஜோடி கிடந்தது.

நான் வேலை பார்த்த டேட்டா எண்ட்ரி சென்டரில் இப்போது இருக்கும் பிள்ளைகள், படத்தைக் காட்டினால் கம்ப்யூட்டரே எழுத்தை வாசித்துவிடுகிறது என்கிறார்கள். "நீங்கள்லாம் ஒவ்வொண்ணாக் கண்ணால பாத்தா அடிச்சீங்க?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். தப்பு வராதா என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனேன். குச்சிகளை வரிசையாகச் செருகும் மரச்சட்டத்துக்குத்தான் கட்டை என்று பெயர். பத்து வருஷத்துக்கு மேல் அது. பிறகு லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் தாள் எண்ணினேன். பிரஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, மயிலும் அணிலும் சேவலும் போட்ட லேபிள் படங்களை மவுஸால் ஓரம் பிடித்து வெட்டக் கற்றுக்கொண்டேன். அங்கிருந்து அண்ணாச்சியின் டேட்டா எண்ட்ரி சென்டருக்கு வந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் பருத்தி கமிஷன் கடைக்கு மேல் மாடி. எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டருக்கு, எங்களுக்கு அல்ல என்று அண்ணாச்சி அடிக்கடி நினைவுபடுத்துவார்.

சென்னையில் உள்ள ஒரு கம்பெனி வெளிநாட்டு வேலையை வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து எங்களைப் போன்ற ஊர்களுக்கு அனுப்பும். முதலில் வந்ததெல்லாம் டெலிபோன் டைரக்டரி, பழைய லைப்ரரி அட்டை. ஒருநாள் மண் ஓடுகளின் படம் வந்தது.

ஞானராஜ் சார் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இது ஈராக் பக்கம் தோண்டி எடுத்தது. களிமண் ஈரமா இருக்கும்போது குச்சியால குத்தி எழுதியிருக்காங்க. ஆப்பு ஆப்பா இருக்கும். நாலாயிரம் வருசத்துக்கு முந்தி. எழுத்தைப் பத்தி நமக்குக் கவலை இல்ல. எண்ணை மட்டும் அடிக்கணும்."

கம்ப்யூட்டருக்குள் 'அ' என்ற எழுத்துக்கு ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் 'அ' என்று தெரிகிறது. இந்த ஓட்டு எண்களுக்கு அப்படி இன்னும் கொடுத்து முடியவில்லையாம். ஐந்து என்பதை எத்தனை விதமாகக் குத்தியிருக்கிறார்கள், ஏழு என்பதை எத்தனை விதமாக அடுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். அதற்கு ஒரு சார்ட் கொடுத்தார்கள். ஒவ்வொரு உருவுக்கும் பக்கத்தில் ஒரு குறியீடு. படத்தில் உருவைப் பார், சார்ட்டில் தேடு, குறியீட்டை அடி. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்றும் அறுபதும் ஒரே மாதிரி ஆப்பு. சின்னதாக இருந்தால் ஒன்று, பெரிதாக இருந்தால் அறுபது. எனக்கு அந்த ஒரு விஷயம் போதும், சாப்பாடு இறங்காமல் இருக்க.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பின்னால் வந்து நிற்பார், தொண்டையைக்கூடக் கனைக்க மாட்டார். திரையில் அவர் சட்டையின் வெள்ளை தெரிந்தால்தான் நிற்கிறார் என்று தெரியும். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு போஸ்ட் கார்டு கொடுத்திருந்தார். அதில் பிளேடால் நீளமாக ஒரு ஓட்டை வெட்டியிருக்கும். அதைத் திரையில் வைத்தால் படத்தின் ஒரு வரி மட்டும்தான் தெரியும். மேல்வரியும் கீழ்வரியும் தெரிந்தால் மனசு தானாக எதையாவது கூட்டிக்கொள்ளும் என்பார். "கண்டதை அடிங்க. நெனச்சதை அடிக்காதீங்க" என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். படித்தவர்களை இந்த வேலைக்கு எடுக்கவே மாட்டார். அர்த்தம் தெரிந்தவன் படத்தைப் பார்க்க மாட்டான், அர்த்தத்தைத்தான் பார்ப்பான் என்பது அவர் கணக்கு.

ஒரே மண் ஓட்டின் படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து அடிப்போம். நான் கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காருவேன், முத்துலட்சுமி மேற்குச் சுவரைப் பார்த்து. வேலை நேரத்தில் பேசக் கூடாது. அடித்து முடித்ததும் இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசமான இடம் மஞ்சளாகத் தெரியும். சார் படத்தைப் பார்த்து யார் தப்பு என்று தீர்ப்பார். இரண்டு பேரும் ஒரே மாதிரி அடித்திருந்தால் அது சரி. தனித்தனியாக உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய முடியாது. அந்த நம்பிக்கையில்தான் முழு வேலையும் நின்றது.

ஒரு கட்டுக்கு இத்தனை ஓடு என்று கணக்கு. ஒரு கட்டில் ஒருவருக்குப் பத்துத் தப்பு வரை மன்னிப்பு உண்டு. பதினொன்றாவது விழுந்தால் அவருக்கு அந்தக் கட்டின் கூலி முழுவதும் நின்றுவிடும்.

முத்துலட்சுமி நாகலாபுரத்துப் பிள்ளை. அவளும் தீப்பெட்டி ஆபீஸில் இருந்து வந்தவள்தான். வாய் ஓயாது. பேசக் கூடாது என்பதால் மானிட்டரோடு பேசிக்கொண்டிருப்பாள். புதியம்புத்தூரில் ஒருவர் பழைய பவர் தையல் மெஷின் விற்பதாகவும், அந்தக் கட்டுக் கூலி வந்ததும் மிச்சப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் இந்த ஏசிக்குள்ள ஒடம்பு வெறைக்க உக்காரணும்னு என்ன தலையெழுத்து? நீங்களும் வாங்கக்கா. நான் தைக்கேன், நீங்க பட்டனை எண்ணுங்க. நீங்க எண்ணுனா ஒண்ணு கூடக் கொறையாது. பயத்துல ரெண்டு கூடத்தான் வரும்."

அந்த ஓடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். சித்திரையில் எங்கள் பக்கத்துக் கரிசல் வெடித்துக் கிடப்பது மாதிரியே வெடிப்பு. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே காடு தெரியும். அதில் வெடிப்புகளுக்கு நடுவே ஆப்பு ஆப்பாக எண்கள் தெரிய ஆரம்பித்தன. கண்ணை மூடினாலும் எண்ணிக்கொண்டே வருவேன். இதெல்லாம் என்ன கணக்கு என்று சாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆள் கணக்கு. நெசவுக்கூடத்துல வேலை செஞ்ச பொம்பளைங்க. இத்தனை பேர், அவங்களுக்கு இத்தனை படி பார்லி. சில எடத்துல பக்கத்துல ஒரு உரு வரும் பாருங்க, அது வந்தா அந்தப் பொம்பளை செத்துட்டாள்னு அர்த்தமாம்."

"சின்னப் பிள்ளைகளும் உண்டா சார்?"

"உண்டு. அதுகளுக்குப் படி கம்மி."

அதற்குப் பிறகு அந்த உரு வந்தால் போஸ்ட் கார்டின் ஓட்டையைக் கொஞ்சம் நகர்த்தி மறைத்துக்கொள்வேன். அந்த ஓட்டை வழியாகத் தெரிகிற ஒரு வரியில் யாரோ வரிசையில் நிற்பது மாதிரியும், நான் அவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவது மாதிரியும் தோன்றும். பட்டப்பகலில், கீழே பருத்தி மூட்டை ஏற்றுகிற சத்தத்துக்கு நடுவில்தான் இந்தப் பயம்.

பாதி வேலை முடிந்த பிறகு வெளிநாட்டில் இருந்து ஒரு மெயில் வந்தது. அங்கே ஒரு பேராசிரியை இதை எல்லாம் சரிபார்க்கிறார். ஓட்டின் மறுபக்கக் கடைசியில் அவர்களே மொத்தம் எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கத்தின் படம் எங்களுக்கு வராது. நாங்கள் அடித்ததைக் கூட்டினால் அந்த மொத்தத்தைவிட ஒரு ஆள் கூடுதலாக வருகிறதாம். ஒரு ஓட்டில் இல்லை, பல ஓட்டில். 'இந்தக் கூடுதல் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள்?' என்று கேட்டிருந்தார். சார் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

சார் அந்த இடங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட மஞ்சள் இல்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி ஐந்து என்று அடித்திருந்தோம்.

"செல்லத்தாயி, இங்க எத்தனை ஆப்பு?"

"அஞ்சு சார்."

"எண்ணுங்க."

"நாலு நிக்குது. ஒண்ணு குறுக்க கெடக்குது. அஞ்சு."

முத்துலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவளும் அதே சொல்லைத்தான் சொன்னாள். சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. தீப்பெட்டி ஆபீஸை வெளியில் இருந்து பார்த்ததோடு சரி.

முத்துலட்சுமிதான் அவருக்கு விளக்கினாள். "சார், கட்டை அடுக்கி முடிச்சா கணக்குப்பிள்ளை சுவத்துல சாக்பீஸால கோடு போடுவாரு. ஒரு கட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு நிக்கும், அஞ்சாவதைக் குறுக்க இழுத்துருவாரு. எண்ணுறதுக்கு லேசு. குறுக்குக் கோடு இல்லேன்னா எங்களுக்கு ஒரு கட்டைக் கூலி போச்சு. சண்டை போட்டு இழுக்க வைப்போம்."

ஓட்டில் நாலு ஆப்பு ஒரே வரிசையில் நிற்கும் இடத்தில் வெடிப்பு குறுக்கே ஓடியிருந்தால், எங்கள் இரண்டு பேர் கண்ணும் அதை ஐந்தாவது கோடு என்று எடுத்துக்கொண்டது. நினைத்தெல்லாம் செய்யவில்லை. சுவரில் அப்படித்தான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். வேறு எந்த ஊர் ஜோடியாவது உட்கார்ந்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது. வந்தாலும் ஒருத்திதான் செய்திருப்பாள், மஞ்சள் காட்டியிருக்கும்.

"வெடிப்பைப் போய் ஆள்னு எண்ணியிருக்கீங்களேம்மா" என்றார் சார். கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தத் தப்புகளை எங்கள் கணக்கில் ஏற்றாமல் விட்டார். எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து, வெடிப்பு இருக்கிற இடத்தில் நாலு என்று மாற்ற வேண்டும். அதையும் இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கடைசிக் கட்டும் அதோடு சேர்ந்து போகும். அதற்கு நாள் குறித்தார்கள். அந்த நாளைத்தான் முதலில் சொன்னேன்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குள் கட்டு போயாக வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி நின்றுவிட்டது. கோமதிநாயகம் மூலையில் குனிந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சார் ஒப்பிடுகிற புரோகிராமை ஓடவிட்டார். வெடிப்பு இடங்கள் எல்லாம் ஒத்துப்போயின. ஒரே ஒரு இடம் மட்டும் மஞ்சள். நான் நாலு என்று மாற்றியிருந்தேன். முத்துலட்சுமி ஐந்தை மாற்றாமல் விட்டிருந்தாள்.

அந்தக் கட்டில் அவளுக்கு ஏற்கெனவே பத்துத் தப்பு விழுந்திருந்தது. அறையில் எல்லாருக்கும் அது தெரியும்.

"இது வெடிப்பு இல்ல சார். இது கோடு" என்றாள்.

"எப்படிச் சொல்லுத?" என்றார் சார்.

"வெடிப்புன்னா ஓட்டோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரை ஓடும். இது மொத ஆப்புக்கு முன்னால ஆரம்பிச்சு நாலாவதுல நின்னுபோச்சு. அக்காவைக் கேளுங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "எனக்கு இந்தக் கோட்டுக் கணக்கு தெரியாது. நீங்க சீனியர். பாத்துச் சொல்லுங்க. பெரிய படம் கேட்டா ரெண்டு நாள் ஆகும். சந்தேகம்னு போட்டா கட்டே நின்னுரும். உங்க ரெண்டு பேரு கூலியும் நிக்கும்."

நான் போய்ப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். போஸ்ட் கார்டை வைக்கவில்லை. கரிசலில் பிறந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தர வேண்டாம். காய்ந்து வெடித்தால் விளிம்பு கூராக, உள்பக்கம் உடைந்து இருக்கும். ஈர மண்ணில் விரலாலோ குச்சியாலோ இழுத்தால் இரண்டு பக்கமும் மண் லேசாக மேலே ஒதுங்கி உதடு மாதிரி நிற்கும். அந்தக் கோட்டுக்கு உதடு இருந்தது. யாரோ ஒருவர் ஓடு ஈரமாக இருக்கும்போது, நாலு குத்தி முடித்த பிறகு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்திருந்தார். எங்கள் கணக்குப்பிள்ளை மாதிரியே, இடது மேலிருந்து வலது கீழாக.

எனக்குப் பிடரியில் யாரோ மூச்சு விடுவது போல் இருந்தது. சார் நிற்கிறார் என்று திரும்பினேன். அவர் மேஜையில்தான் இருந்தார். பின்னால் யாரும் இல்லை.

கோடு என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அப்படியென்றால் மாற்றிய மற்ற இடங்களிலும் கோடு இருக்கலாம். எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். கட்டு போகாது. கூலி வராது. வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. நான் மாற்றியது தப்பு என்று என் பெயரில் ஏறும். இதெல்லாம் யோசித்தேன் என்று எழுதுகிறேனே தவிர, அதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"வெடிப்புதான் சார்."

முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "யக்கா, நீங்க கரிசக்காட்டுல பொறந்தவியதானே?" என்று மட்டும் கேட்டாள்.

சார் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். கட்டு மூன்று மணிக்குப் போய்விட்டது. கோமதிநாயகம் கை கழுவிக்கொண்டு, "அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க, ஒரு பேட்டரி தாங்காது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். முத்துலட்சுமி தன் போஸ்ட் கார்டை என் மேஜையில் வைத்துவிட்டு, சாரிடம் மரியாதையாக "போயிட்டு வாரேன் சார்" என்றாள். நான் அவள் பின்னாலேயே வாசல் வரை போனேன். அப்போதுதான் மூன்றாவது தடவை எண்ணினேன். கோமதிநாயகம் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். சாருடைய ஷூ, என் செருப்பு, முத்துலட்சுமி போட்டுக்கொண்டிருந்தது. அதுபோக ஒரு ஜோடி மிச்சம். பொம்பளைச் செருப்பு, ரப்பர், குதிகால் தேய்ந்தது, ஓரத்தில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது யாருதுட்டி?" என்று கேட்டேன்.

"எண்ணுனது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் அந்தச் செருப்பும் அங்கே இல்லை. பெருக்குகிற அம்மா தான் எடுக்கவில்லை என்றாள்.

எனக்குக் கூலி முழுவதும் வந்தது. தப்பில்லாமல் முடித்ததற்கு மேற்கொண்டு முந்நூறு ரூபாயும் அண்ணாச்சி கொடுத்தார். வாடகை கட்டினேன்.

நாலைந்து மாதம் கழித்துப் பேராசிரியையிடமிருந்து இன்னொரு மெயில். சார் என்னை மட்டும் கூப்பிட்டு வாசித்தார். மற்ற எல்லா ஓட்டிலும் இப்போது கூட்டல் சரியாக வருகிறதாம். ஒரே ஓட்டில் மட்டும் ஒரு ஆள் குறைகிறதாம். அதன் மொத்தத்தில் ஐந்து என்று தெளிவாகக் குத்தியிருக்கிறது. பெரிய படத்தில் பார்த்தபோது குறுக்குக் கோடு கையால் இழுத்தது என்று தெரிகிறதாம். வேறு எங்கும் இப்படி ஒரு ஐந்தைப் பார்த்ததில்லை என்றும், அது ஐந்துதான் என்று அங்கே யாராவது சொன்னார்களா என்றும் கேட்டிருந்தார். அந்த ஓட்டில் நாலு பெண்களின் பெயர் இருக்கிறது. ஐந்தாவதற்குப் பெயர் இல்லை, இடம்கூட விடவில்லை. ஆனால் படி அளந்த வரியில் ஐந்து பேருக்கும் அளந்திருக்கிறது.

சார் மெயிலை மூடினார். பிறகு, "அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது சார்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஓட்டின் ஃபைலைத் திறந்து, அந்த இடத்தில் என் நாலை அழித்துவிட்டு, அவரே ஐந்து என்று அடித்தார். மெயிலுக்குப் பதில் எழுதும்போது முத்துலட்சுமி பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அவள் கூலியைக் கொடுக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் இரண்டு பேரும் போய் நின்றோம். "முடிஞ்ச கட்டை ஏம்மா கெளறுதீங்க? அங்கேருந்து எனக்கு வந்தாத்தானே நான் கொடுக்க?" என்றார். நான் புதியம்புத்தூருக்குப் போனேன். ரெடிமேட் தைக்கிற இடங்களில் ஏறி இறங்கி விசாரித்தேன். மெஷின் விற்றவரைக் கண்டுபிடித்தேன். பணத்தோடு வருவதாகச் சொன்ன பிள்ளை வரவே இல்லை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நாகலாபுரத்தில் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. "அவிய திருப்பூர்ப் பக்கம் போயிட்டாவ. எங்கன இருக்காவன்னு தெரியலம்மா" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

அதன் பிறகும் நான் பல வருஷம் அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். தப்பு வராதா என்று கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். இதைப் படிக்கிற யாராவது முத்துலட்சுமியைப் பார்த்தால், அண்ணாச்சியைத் தேட வேண்டாம், செல்லத்தாயியிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கட்டுக்கு அவளுக்குச் சேர வேண்டிய கூலி இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய்.